புதன்கிழமைக் கட்டம்

ஓரதை: மறுபடியும் மணி அடிக்குது... ஏங்க, போனை எடுத்துப் பாருங்க!

தவாட்: தொடாதே, உன் கை ஈரம். நான் பாக்குறேன்... ஆ! வெள்ளிக்கிழமை பதினோரு மணி. தலைக்குச் சாயம். உன்கிட்டதான்.

ஓரதை: யாரு?

தவாட்: மார்க்கெட்ல தேங்காய்ப்பால் விக்குற பிரானீ.

ஓரதை: அவளா! எதிர்ல நின்னா, "சாயமா? எனக்கா? எல்லாம் சொந்தக் கறுப்பு"ம்பா. பதினஞ்சு வருஷமா வாயத் திறக்காதவ, இப்ப எழுதியே அனுப்பிட்டாளே!

தவாட்: முகம் பாத்துக் கேக்கத்தான் வெக்கம். ஒரு கட்டத்தை அழுத்த என்ன வெக்கம்?

ஓரதை: நேத்துதான் வெப்சைட்ல இந்த அப்பாயின்ட்மென்ட் பக்கத்தைத் திறந்து விட்டீங்க. ஷட்டரை இன்னும் பாதிகூடத் தூக்கலை. அதுக்குள்ள நாலு பேர் நாற்காலி பிடிச்சுட்டாங்க! எனக்குப் புல்லரிக்குதுங்க.

தவாட்: மூணு வாரம் நான் இதோட மல்லுக்கட்டினப்போ என்ன சொன்னே?

ஓரதை: "கிராப்பு வெட்டுற கைக்கு இந்த வேலை எதுக்கு"ன்னேன். இப்ப வாய மூடிக்கிட்டேன். போதுமா?

தவாட்: போதாது. காபி வேணும்.

ஓரதை: வரும், வரும். முழு வாரத்தையும் காட்டுங்க... பச்சைன்னா காலி, சிவப்புன்னா ஆள் வருது, அப்படித்தானே? இன்னிக்கு ஒண்ணு... நாளைக்கு ஒண்ணு... இருங்க, இருங்க. புதன்கிழமைல ஒரு சிவப்பு இருக்கே?

தவாட்: எங்க? காட்டு!

ஓரதை: காலைல ஒன்பது மணி. ஐயோ, புதன்கிழமையை மூடாம விட்டுட்டீங்களா?

தவாட்: ...விட்டுட்டேன் போல.

ஓரதை: போலவா! நம்ம லம்பாங் ஊர் முழுக்கத் தேடினாலும் புதன்கிழமை கத்தரி எடுக்குற கடை உண்டா? அன்னிக்கு முடி வெட்டினா ஆகாதுன்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல, ஒரு புதன்கிழமை இந்த ஷட்டரைத் தூக்கியிருக்கோமா?

தவாட்: யாராவது வெளிநாட்டு ஆளா இருக்கும்...

ஓரதை: யாரா இருந்தா என்ன? ரத்து பண்ணுங்க.

தவாட்: முதல் வாரமே ரத்து பண்ணினா கடை பேர் கெட்டுடும்.

ஓரதை: வெட்டிக்கிட்டுப் போய் அவங்களுக்கு ஏதாவது ஆனா மட்டும் பேர் கெடாதா? தள்ளுங்க, நானே அழுத்துறேன். இந்தப் பொத்தான்தானே...

தவாட்: ஓரதை! கையை எடு!

ஓரதை: ...எதுக்குக் கத்துறீங்க?

தவாட்: கத்தலை. முதல்ல யாருன்னு பாப்போம். அப்புறம் எதை வேணா அழுத்து.

ஓரதை: சரி, படிங்க.

தவாட்: நான்... இல்ல, நீயே படி.

ஓரதை: பேரு சிரின். கேள்விப்படாத பேரா இருக்கு. பொம்பளைதான். முடி வெட்டணுமாம். யார்கிட்டன்னு கேட்டதுக்கு... தப்பா அழுத்தியிருக்கா. உங்க பேரு.

தவாட்: என் பேரா?

ஓரதை: உங்ககிட்ட எந்தப் பொண்ணு வந்து வெட்டிக்கும்? கீழ வேற ஏதோ எழுதியிருக்கா... "உச்சில ரெண்டு சுழி இருக்கு. இடது சுழியைக் குட்டையா வெட்டினா முடி நட்டுக்கிட்டு நிக்கும். பாத்து வெட்டுங்க."

தவாட்: அதை இன்னொரு தடவை படி.

ஓரதை: "உச்சில ரெண்டு சுழி..." ஏங்க...

தவாட்: ம்.

ஓரதை: இது நம்ம பிம்!

தவாட்: ரெண்டு சுழி எத்தனையோ பேருக்கு...

ஓரதை: பெத்தவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல போட்டோ எடுக்குற அன்னிக்கு நீங்கதானே அதைக் குட்டையா வெட்டிவிட்டீங்க? நாளெல்லாம் தொப்பியைக் கழட்டாம அழுதாளே! பிம்தாங்க! ஆறு வருஷம்... எங்கயோ தெற்கே கடலோரம் கிராபில இருந்துக்கிட்டு என் பிள்ளை நம்ம நாற்காலியைத் தொட்டிருக்கா! பிடிங்க இதை.

தவாட்: நீ முதல்ல உக்காரு.

ஓரதை: இந்தக் கையாலயே ரத்து பண்ணப் போனேனே! பாத்தீங்களா, என் பேரை விட்டுட்டு உங்க பேரை அழுத்தியிருக்கா. நர்சிங் படிப்பை விட்டுட்டுப் படகுல சமைக்கப் போறேன்னு நின்னவளை, "நான் கூப்பிடாம இந்தப் படி ஏறாதே"ன்னு சொன்ன மனுஷன் பேரை!

தவாட்: சொன்னேன்... சொல்லியிருக்கக் கூடாது.

ஓரதை: நீங்களும் கூப்பிடலை. அவளும் ஏறலை.

தவாட்: வேற பேரைப் போட்டிருக்கா, பாரு. தெரிஞ்சா வேணாம்னுடுவேன்னு பயந்திருக்கா, பாவிப்பொண்ணு.

ஓரதை: நான் ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

தவாட்: சொல்லு.

ஓரதை: நேத்து இந்தப் பக்கத்தை அவளுக்கு நான்தான் அனுப்பினேன். கூட ஒரு வார்த்தை எழுதலை. படகுல சுத்திப் பாக்க வர்றவங்க நாலு பேர்கிட்ட சொல்லட்டுமேன்னு... இல்ல, பொய். அவ பாக்கணும்னுதான் அனுப்பினேன்.

தவாட்: தெரியும்.

ஓரதை: எப்படித் தெரியும்?

தவாட்: நீ அனுப்புவேன்னுதான் முதல்ல உன்கிட்ட காட்டினேன்.

ஓரதை: அட, கள்ளா! ...சரி, நாளன்னிக்குக் கத்தரியைத் தொடாதீங்க. முடியை வியாழக்கிழமை வெட்டிக்கலாம். அதுவரைக்கும் வீட்டுல இருக்கட்டும். எனக்கு நம்பவே முடியலைங்க... நீங்க புதன்கிழமையை மறந்ததுகூட நல்லதாத்தான் போச்சு!

தவாட்: மறக்கலை, ஓரதை. வாயத் திறந்து கூப்பிட எனக்கு வரலை. இந்த ஊர்ல எவனும் புதன்கிழமை முடி வெட்ட வரமாட்டான். அந்தக் கட்டத்தை ஒருத்தர் அழுத்தினா, அது நம்மளப் பாக்க வர்ற ஆளாத்தான் இருக்கும். அதான் திறந்து வெச்சேன்.