பெருநாளுக்கு முன் காலியாகும் வீடு

இல்லை இன்ஸ்பெக்டர் ஐயா, சீனி போதும். நல்ல தேநீர். வீடு விற்பனைக்கு வரும் செய்தி எப்படிப் பரவும் என்றுதானே கேட்டீர்கள்?

பத்திரிகை விளம்பரமெல்லாம் கண்டியில் துரைமாரின் பங்களாக்களுக்குத்தான். எங்களைப் போன்றவர்களின் வீடுகள் தரகன் வாயால் விலைபோகும். பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடுகிற நேரத்தில், "கட்டுகஸ்தோட்டையில ஓட்டு ஊடு, கெணறு இரிக்கி, பெருநாளைக்கு முந்தி காலி" என்பேன். ஸெய்னுலாப்தீன் சொன்னால் சொன்னதுதான் என்று இருபது வருடங்களாகப் பெயர்.

அது மனுவேலின் வீடு. ஓய்வுபெற்ற றயில்வே கிளாக்கர். மகள் ஐரின் திருச்சியில் ஆசிரியை. மலேரியாவில் அவர் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, அவரிடம் கேட்காமலே வீடு காலியாகும் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் கண்ட வீடுகளை இந்த நாட்களில் தரகர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

ஆனால் காய்ச்சல் விட்டு மனுவேல் எழுந்து உட்கார்ந்துவிட்டார். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"விக்கிறதா? நல்லாருக்கே நானா, நான் இன்னும் சாகலியே" என்று சிரித்தார். "ஐரின் கல்யாணமே இந்த வீட்லதான் நடக்கணும்."

வாங்கவிருந்த கடைக்கார றிஸ்வி விடவில்லை. "என்ன காக்கா, நோம்பும் பாதி போச்சு. ஊடு எங்க? ஒங்கட பேச்சும் காத்துல போச்சா?" பள்ளிவாசல் படியில் நாலு பேர் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் மனுவேலுக்குக் காய்ச்சல் திரும்பியது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கொயினா மாத்திரையை வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்.

"கெடச்சிதா நானா?"

"முடிஞ்சிட்டாம். நாளைக்கு வரட்டாம்."

ஆறு நாள் அப்படிச் சொன்னேன். நான் நோன்போடு இருந்துகொண்டு அவருக்குக் கஞ்சி ஊட்டினேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன். மாத்திரைகள் என் கோட்டுப் பையில் இருந்தன. அவற்றை வீணாக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், பிழைத்துக்கொண்டார்கள். நான் மாத்திரை கொடுத்ததை அவள் நன்றியோடு ஊரெல்லாம் சொன்னதால்தானே நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

பெருநாளுக்கு முதல்நாள் விடியலில் மனுவேல் போய்விட்டார். என் கையைப் பிடித்தபடிதான் போனார். நான் அழுதேன், ஐயா. அவரைக் கொன்றது நான்தான் என்றே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒரு வீட்டைப் பற்றியும் நான் பொய் சொன்னவன் இல்லை என்பதையும் எழுதுங்கள்.

நாளைக்கு ஐரின் வருகிறாள். நான் சொன்னால் இனி நம்பமாட்டாள். வீட்டை றிஸ்விக்குக் கொடுக்க அப்பா கடைசியில் சம்மதித்துவிட்டார் என்று நீங்கள் ஒரு வார்த்தை அவளிடம் சொல்லிவிடுவீர்களா, ஐயா?