இரண்டு மடக்குத் தண்ணீர்

நான் ஒரு மடையன். மற்றதெல்லாம் பிறகு. சண்டைக்கு நடுவே சவரம் செய்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குண்டு விழுகிறது. என் தாடை வழவழவென்று இருக்கிறது.

"குனிலே! தலையக் குனி!"

கத்துவது சுப்பையா. புளியங்குடிக்காரன். எலுமிச்சை வியாபாரியின் மகன். நான் சங்கரன்கோவில் சவரிமுத்து. எங்களோடு பதுங்குகுழியில் ஒரு ஹவில்தார். எழுபத்தொன்று டிசம்பர். மேற்கு எல்லை. மணல். ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு பத்து.

முதலில் விசில் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு வாய் நிறைய மண். தூரத்தில் இயந்திரத் துப்பாக்கி. எங்கள் தெரு விசைத்தறி மாதிரியே ஓடுகிறது. ஒரு இழையும் அறுக்காமல்.

காலையில்தான் அந்தச் சவரம். பூசை காண வழியில்லை. முகமாவது ஞாயிற்றுக்கிழமை முகமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு புட்டித் தண்ணீர். பாதியைத் தாடைக்குச் செலவழித்தேன். சுப்பையா சிரித்தான். "பொண்ணு பாக்கவா போற? இங்கன ஒட்டகந்தாம்லே இருக்கு." அவன் புட்டியைக் குண்டு கிழிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நாலு பதினாறு. இன்னொரு விசில். ஹவில்தார் சாய்ந்தார். எழவில்லை. என் இடது காதுக்குள் ஒரு மணி அடிக்க ஆரம்பித்தது. சுப்பையாவின் தொடையிலிருந்து ரத்தம். என் கழுத்துத் துண்டால் கட்டினேன். நிற்கவில்லை.

"தண்ணி தாலே, சவரி."

ஹவில்தார் புட்டி ஏற்கெனவே காலி. என் புட்டியை ஆட்டிப் பார்த்தேன். இரண்டு மடக்கு இருந்தது.

அங்கேதான் எனக்குச் சின்ன வயதில் கோயிலில் படித்த ஞானோபதேசம் ஞாபகம் வந்தது. ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் தலையில் ஓட வேண்டும். உபதேசியார் பிரம்போடு சொல்லிக் கொடுத்தது. ஞானஸ்நானம் வாங்காத கூட்டாளி நரகத்துக்குப் போய்விடக் கூடாதே என்று பயம். அவனிடம் கேட்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. புட்டியை அவன் நெற்றிக்கு மேலே தூக்கினேன். "பிதா, சுதன்..." என்று ஆரம்பித்தேன்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"ஏலே, தலைக்கா தாகம்? வாயில ஊத்துலே!"

வாயில் ஊற்றினேன். இரண்டு மடக்கு. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

"இன்னும் தா."

புட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். அவன் என் தாடையைப் பார்த்தான். நாலு முப்பத்தெட்டுக்கு அவன் கை என் கையில் கனத்தது.

மாசியில் லீவில் ஊருக்கு வந்தேன். விசைத்தறிச் சத்தம் கேட்டதும் கடைத்தெருவில் குப்புற விழுந்தேன். நடு ரோட்டில். சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி, "என்ன வே, எதத் தொலைச்சீரு?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

சனிக்கிழமை, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார். இந்தப் பக்கம் ஒற்றைக் காதன். எனக்குக் கேட்கவில்லை என்பதால் அவருக்கும் கேட்காது என்று நினைத்துக் கத்தினேன். பின்னால் வரிசையில் ஒரு அம்மா, "ஏட்டி, கோயிலுக்கே கேக்கு," என்றாளாம். பிறகு சொன்னார்கள்.

"ஞானஸ்நானத்துக்கு வச்சிருந்த தண்ணியத் தாகத்துக்குக் கொடுத்துட்டேன், சாமி!"

"மனஸ்தாபம் இருக்கா?"

"இல்ல சாமி! மறுபடியும் வாயிலதான் ஊத்துவேன். சுப்பையா மோட்சத்துல இல்லன்னா எனக்கும் அங்கன எடம் வேண்டாம்!"

மனஸ்தாபம், அதாவது செய்ததற்கு வருத்தம், இல்லாவிட்டால் மன்னிப்பு இல்லை. அந்தப் பாடமும் எனக்கு மனப்பாடம். எழுந்து போகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். முழங்காலை நகர்த்தவில்லை. தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்ததைப் பாவம் என்று ஒத்துக்கொள்ள என்னால் முடியாது. அன்றும் முடியாது, இதை எழுதும் இன்றும் முடியாது.

பாவத்தை எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும் என்பது சட்டம். என்னிடம் இருந்த எண்ணிக்கையைச் சொன்னேன். குழிக்குள் மூன்று பேர். வெளியே வந்தவன் ஒருவன். செத்தவர்கள் இருவர். ஹவில்தார், ஒன்று. சுப்பையா, இரண்டு. என் இடது காது. சுப்பையா வீட்டு எலுமிச்சை ஊறுகாய், அரை ஜாடி, மணலோடு மணலாக. எல்லாவற்றையும் கத்தித்தான் சொன்னேன்.

கடைசியாக, காலையில் அரைப் புட்டித் தண்ணீரில் சவரம் செய்ததையும் சொன்னேன். அதை மட்டும் எனக்கே கேட்காதபடி சொன்னேன்.

சாமியார் தட்டியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"மெதுவாச் சொன்னியே, அத மறுபடி சொல்லு."