மூடுபனி நின்ற நான்கு நிமிடம்

ஏற்காட்டில் மூடுபனியை நம்பிப் படமெடுக்க வரக்கூடாது சார். வேண்டாத நேரத்தில் அறைக்குள்ளேயே வந்து உட்காரும். கேமராவை வைத்தால் வெயில் சுள்ளென்று அடிக்கும். நாகலூர் எஸ்டேட்டில் ஆறு நாள் அப்படிப் போயிற்று. உதவி இயக்குநராகிப் பதினொரு வருஷம், எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது.

வேற்றுக்கிரகவாசிகளின் கையசைவைப் புரிந்துகொண்டு அவர்களோடு பேசுகிற ஒரு பெண்ணின் கதை அது. வேற்றுக்கிரகவாசியாக நடித்தவர் சின்னன். மிளகு பறிக்க மரமேறுகிறவர், நல்ல உயரம், அதனால் பிடித்தோம். ரப்பர் உடுப்பைத் தலையும் மூடும்படி மாட்டி முதுகில் ஒட்டிவிடுவோம். உள்ளேயிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. மூச்சு முட்டினால் இடது கையைத் தலையில் வைக்கச் சொல்லியிருந்தேன். அதைக் கவனித்து ஷாட்டை நிறுத்துவது என் பொறுப்பு. வேறு யாருக்கும் அந்தச் சைகை தெரியாது; சொல்லி வைத்திருக்கலாம்.

ஏழாம் நாள் காலை பனி இறங்கியது. காப்பிச் செடிகளுக்கு நடுவே சின்னன் நடந்து வந்தார். பாதி தூரத்தில் இடது கையைத் தலையில் வைத்தார். "பிரமாதம், இதை யாருய்யா சொல்லிக் கொடுத்தது?" என்றார் டைரக்டர். நான் ஷாட்டை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம்தானே என்று பட்டது. மறுபடியும் வைத்தார்.

பக்கத்தில் அவர் மனைவி காளியாயி நின்றிருந்தார்.

"ஏனுங்க சார், அவரு எதுக்குங்க தலையில கை வெக்கறாரு?"

"நடிக்கறாருங்கம்மா. சத்தம் போடாதீங்க."

ஷாட் கெட்டுவிடுமோ என்று பயந்து அந்தம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் முறை சின்னன் இரண்டு கைகளையும் தலையில் வைத்து மண்டியிட்டார். பிறகு சாய்ந்தார். டைரக்டர் கை தட்டினார். மொத்தம் நான்கு நிமிடம்.

சாவுக்குக் காரணம் நெஞ்சடைப்பு என்று உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள் சார். மாற்றிக்கொள்ளுங்கள். முதல் முறை கை வைத்தபோதே எனக்குப் புரிந்தது. நிறுத்தினால் பனி போய்விடும், இன்னொரு வாரம் காத்துக் கிடக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். பகை ஒன்றுமில்லை, அவர்மேல் எனக்குப் பிரியம்தான்.

காரியத்தன்று போயிருந்தேன். காளியாயி காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "எங்கூட்டுக்காரரு நல்லா நடிச்சாருங்களா சார்?"

"நொம்ப நல்லா நடிச்சாருங்கம்மா" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். அந்த ஆறுதலையாவது என்னால் கொடுக்க முடிந்ததே.