நாலாவது ஆள்

ஒரு தடவ அழுத்தினா ஆமா, ரெண்டு தடவ அழுத்தினா இல்ல. நடுவுல மறந்துடாதீங்க. ரேடியோவுல மைக் உடைஞ்சா என்ன, பட்டன் வேலை செய்யுதில்ல, அது போதும். கால் இன்னும் மரத்துத்தான் இருக்கா? ஒண்ணு. சரி, அசைக்காதீங்க. குளிருதா? ஒண்ணு. மலை உச்சியில மூடுபனிக்குள்ள விழுந்து கிடக்கிறவர்கிட்டப் போய்க் குளிருதான்னு கேக்குறேன் பாருங்க, என் புத்திய என்ன சொல்ல.

மீட்புக் குழு ஏறிட்டிருக்கு. அத மனசுல வச்சுக்கிட்டுக் கண்ண மூடாம இருங்க. தூங்கினீங்கன்னா குளிர் ஆளத் தின்னுடும். அதனாலதான் இப்படி வாய் ஓயாமப் பேசுறேன். இல்லாட்டி உங்ககிட்ட நான் இவ்வளவு பேசுற ஆளா? சிரிக்கிறீங்களோ என்னவோ, பட்டன்ல சிரிப்பு தெரியாது.

இப்ப நீளமா ஒண்ணு அழுத்துங்க. மெதுவாப் பத்து எண்ணிட்டு விடுங்க. முழிச்சிருக்கீங்களான்னு பார்க்கத்தான், வேற ஒண்ணுமில்ல.

ம். நல்லது. எனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குதுன்னு யோசிக்கிறீங்களா? மொட்டைமாடிக்கும் கீழ்வீட்டுக்குமா நடந்துட்டிருக்கேன், எங்க நல்லாக் கேக்குதுன்னு பார்த்து. வயசு என்ன கொஞ்சமா?

உள்ளதச் சொன்னா, உங்க பைத்தியம் எனக்குப் பிடிபட்டதே இல்ல. நானும் ரேடியோக்காரன்தான், ஆனா நாற்காலி ரேடியோக்காரன். உட்கார்ந்த இடத்துலேருந்து உலகத்தோட பேச வழியிருக்கிறப்ப, பேட்டரியையும் கம்பியையும் சுமந்துக்கிட்டு மலை மேல போய், யாராவது இருக்கீங்களான்னு கூவுறது என்ன கணக்கு? அதுலயும் நாலு பேர் பதில் சொன்னாத்தான் ஏறினது செல்லுமாம். மூணோட நின்னா ஏறினவன் ஏறாதவன். இப்படி ஒரு சட்டத்த எழுதினவன் நிச்சயமா என்ன மாதிரி ஒரு ஆளாத்தான் இருக்கணும்.

வாரா வாரம் உங்களுக்கு மூணு பேர் சுலபமா மாட்டிடுவாங்க. நாலாவதுக்குத்தான் தொண்டை வறளக் கூப்பிடுவீங்க. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். நீங்க வாசல்ல வந்து நின்னப்பக் கதவத் திறக்காத ஆள்தான் நான். ஆனா காத்துல ஒருத்தன் கூப்பிட்டா பதில் சொல்லியாகணும், எவனா இருந்தாலும். அது ரேடியோக்காரன் தர்மம். உங்க சத்தம் நல்லாக் கேக்குது, நன்றிம்பேன். நன்றி சார்ம்பீங்க. மாமனார் மருமகன் உறவு அந்த ரெண்டு நன்றியிலதான் இத்தன நாள் வண்டி ஓட்டுச்சு. இன்னிக்குக் கூப்பிடுற குரல் வராம வெறும் கர்ர் கர்ர்னு வந்தப்ப, நீங்கதான்னு புரிஞ்சு நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டேன்.

இன்னொரு நீள அழுத்து. ம். போதும்.

கல்யாணப் பத்திரிகை அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா? ஒண்ணு. நாலு ஒற்றுப்பிழை அதுல. பிழை திருத்தியே முப்பது வருஷம் சோறு தின்னவன், கை சும்மா இருக்குமா? சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பினேன். கல்யாணத்துக்குத்தான் வரல. என் மக அதக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டியிருக்காளாமே, நிஜமா? ஒண்ணு. ஐயோ. கொழுப்பு யாருக்கு? அவளுக்குன்னா ஒண்ணு, உங்களுக்குன்னா ரெண்டு.

தம்பி?

ஹலோ. அழுத்துங்க. யாருக்கு வேணா கொழுப்பு இருந்துட்டுப் போகட்டும், எனக்கே இருக்கட்டும், சும்மா அழுத்துங்க. ஐயா, கண்ண மூடாதீங்கய்யா. ஒரே ஒரு தடவ. என் மகளுக்குக் கன்னத்துல குழி விழுமே, எந்தக் கன்னம்? இடதுன்னா ஒண்ணு, வலதுன்னா ரெண்டு. சொல்லுங்க. கட்டிக்கிட்டவருக்கு இது கூடவா தெரியாது?

ரெண்டு! தப்பு. இடது கன்னம். என்ன, மறுபடியும் ரெண்டா? பெத்தவன் சொல்றேன், இடது. திரும்பவும் ரெண்டு! சரி, மறுங்க. மறுத்துக்கிட்டே இருங்க, விடாதீங்க. நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அப்புறம் இன்னொண்ணு. மீட்புக் குழு வரல. பனி விலகட்டும், விடிஞ்சதும் ஏறுறோம்னுட்டாங்க. என் மககிட்டப் பேசினேன், கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையா. அவ அழுதுட்டா. நான் செருப்ப மாத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். மாடின்னு சொன்னேனே, அது இந்த மலைதான். முன்னாடியே சொல்லியிருந்தா, வராதீங்கன்னு ரெண்டு ரெண்டா அழுத்தித் தள்ளியிருப்பீங்க. நீங்க நீளமா அழுத்துறப்ப எல்லாம் ரேடியோவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்துவேன். எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறப்ப என் உடம்பு மறைச்சுச் சத்தம் அமுங்குதோ, அதுக்கு நேர் முதுகுப் பக்கம் நீங்க. அது ஒண்ணுதான் எனக்கு வழி.

இப்ப ஆன்டெனாவக் கழட்டிட்டேன். அது இல்லாம ரேடியோவுல பேசக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். போட்டுட்டுப் போகட்டும். அழுத்துங்க.

கழட்டியும் காதக் கிழிக்குது. அப்ப கூப்பிடு தூரந்தான். இவ்வளவு கிட்ட வந்துட்டா சுத்திப் பார்த்தும் திசை தெரியாது. கைய நீட்டினா கை தெரியல, பொழுதும் சாஞ்சிட்டு வருது. அதனால ரேடியோவ அணைக்கப் போறேன், இந்த இரைச்சல்ல வேற எதுவும் காதுல விழல. இனிமே அழுத்தாதீங்க. வாயத் திறந்து கூப்பிடுங்க. சார்னு கூப்பிட்டீங்கன்னா திரும்ப மாட்டேன், மாப்பிள்ளை.