ஒற்றைக் கண் வண்டி

"அக்கா, உங்க வண்டியில ரெண்டு லைட்டும் எரியுதா?"

வாசலில் நின்று ஒரு பெண் இப்படித்தான் கேட்டாள். சாதாரணக் கேள்வி. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம். ஆனால் அதைக் கேட்டதும் சின்னத்தையின் கண் தானாக வண்டி ஷெட்டுப் பக்கம் போயிற்று.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் தோழி ஒருத்தியின் சின்னத்தைக்கு நடந்தது. தோழி பொய் சொல்கிறவள் இல்லை. இதைச் சொல்லி முடிக்கும்வரை சின்னத்தை அந்த அறையில் விளக்குப் போட விடவில்லையாம். சன்னல் வெளிச்சம்கூட ஆகாதாம். ஏன் என்பது பிறகு தெரியும்.

அந்தப் பெண் வருவதற்குச் சில நாள் முன்பு, விடிவதற்கு இன்னும் நேரமிருந்த ஓர் இருட்டு. ஊருக்கு வெளியே கால்வாயை ஒட்டிப் போகும் சாலை. இரண்டு ஓரமும் மழையில் அரித்துப்போன சாலை. சின்னத்தையும் அவள் வீட்டுக்காரரும் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரில் ஒரு விளக்குதான் எரிந்தது. ஓட்டுகிறவர் பக்கத்து விளக்கு, அதாவது சாலையின் நடுவை ஒட்டி வரும் விளக்கு, செத்துப்போய் எத்தனையோ நாளாகியிருந்தது.

"மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்று சின்னத்தை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"அவனுக்கென்ன தெரியும்? நானே பாத்துக்குறேன். ஒரு கண்ணு போனா என்ன, இன்னொரு கண்ணு இருக்குல்ல?" என்று சிரித்திருந்தார். குடோனில் சூப்பர்வைசர். பத்துப் பேரை அதட்டிப் பழகிய குரல். வீட்டிலும் அதே குரல்தான்.

எதிரே ஒரு மனிதர் சைக்கிளில் வந்தார். ரொட்டிக்கடை மாஸ்டர். விடிவதற்குள் மாவு பிசைந்தாக வேண்டும், அதனால் இருட்டிலேயே கிளம்புகிறவர். ஓரம் சரியில்லை என்று நடுச்சாலையில் வந்தார். தூரத்தில் ஒரே ஒரு வெளிச்சம்... அதுவும் அந்த ஓரமாக. பைக் என்று நினைத்துவிட்டார். பைக் போக இடம் தாராளமாக இருக்கிறதே என்று விலகாமல் வந்தார்.

தொம்.

அவ்வளவுதான் சத்தம். பிறகு எல்லாம் அடங்கி... இருட்டில் சைக்கிள் சக்கரம் மட்டும் தனியே சுற்றிக்கொண்டிருந்தது. டிக்... டிக்... டிக்...

வீட்டுக்காரர் இறங்கிப் போனார். சின்னத்தை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இறங்கியிருந்தது. எல்லாம் கேட்டது.

மாஸ்டருக்கு உயிர் இருந்தது. நினைவும் இருந்தது. "பைக்குன்னுல்ல நெனச்சேன்..." என்றார். தப்புத் தன்னுடையது என்பதுபோல் சொன்னார்.

வீட்டுக்காரர் குனிந்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"ஆமா, பைக்குதான். யாரு கேட்டாலும் பைக்குன்னே சொல்லு. சரியா? ஆளக் கூட்டிட்டு வரேன்."

"சரிங்க" என்றார் மாஸ்டர்.

வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். சின்னத்தை அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னாள். "வாங்க, யாராவது வந்துடப் போறாங்க" என்றாள்.

யாரையும் கூட்டிவரவில்லை. வெளிச்சம் வந்த பிறகு பால்காரர்தான் பார்த்தாராம். அதுவரை மாஸ்டர் அங்கேயே கிடந்தார். என்ன இடித்தது என்று கேட்டதற்கு, "பைக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் உயிர் போயிற்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். போலீசும் பைக்கைத் தேடியது.

இப்போது வாசலில் நிற்பவள் மாஸ்டரின் மனைவி.

"பைக்கு இடிச்சா எலும்பு இப்பிடிப் பொடியாவாதுன்னு டாக்டர் சொன்னாரு அக்கா. அவரு பொய் சொல்ற மனுசன் இல்ல, பைக்குன்னு நெனச்சிருப்பாரு. அதான்... ஒத்த லைட்டு காரா இருக்குமோன்னு ஒவ்வொரு வீடா கேட்டுட்டு வரேன்."

"எங்க வண்டியில ரெண்டும் எரியுது" என்றாள் சின்னத்தை.

"நாளைக்குக் காலைல போலீஸ்காரரோட வந்து ஒரு தடவ பாத்துக்குறேன் அக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

ஆக, விடிவதற்குள் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால் இரண்டு பேரும் உள்ளே போக வேண்டியதுதான். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் நாளைக்கு அவனே சாட்சி.

ராத்திரி வண்டி ஷெட்டின் ஷட்டரை உள்பக்கமாக இழுத்து விட்டார்கள். வண்டியின் மூக்கு பின்சுவரைப் பார்த்து நின்றது. பம்பரை அன்றைக்கே சுத்தியலால் தட்டி நிமிர்த்தியாயிற்று. வீட்டுக்காரர் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். சின்னத்தை ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து சுவிட்சைப் பிடித்துக்கொண்டாள். தூக்கிய பானட் மறைத்ததால் அவளுக்குச் சுவர் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

"போடு."

போட்டாள்.

"அணை. மெதுவாடி, அது என்ன அம்மிக்கல்லா?"

எரிகிற பக்கத்து பல்பைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டினார். எரியவில்லை. ஆக, பல்பில் குறை இல்லை. ப்யூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார், கம்பி முழுசாக இருந்தது. சின்ன பல்பில் இரண்டு ஒயர் இழுத்து வைத்திருந்த டெஸ்ட் லேம்பை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் கவ்வவிட்டு, மறுமுனையை விளக்குக்கு வரும் ஒயரில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. கரண்டு வருகிறது. பேட்டரியிலிருந்து எடுத்த கிளிப்பை விளக்கின் கறுப்பு ஒயரில் மாட்டினார். செத்துப்போயிற்று.

"எர்த்து இல்லடி. கரண்டு போகுது, திரும்பி வர வழி இல்ல. அதான் எரிய மாட்டேங்குது."

கறுப்பு ஒயரைத் தடவிக்கொண்டே போனார். விளக்குக்குப் பின்னால், வண்டியின் தகரத்தோடு ஒரு போல்டில் அது முறுக்கியிருந்தது. போல்டு முழுக்கத் துரு. அந்த இடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது. இழுத்தார். நீலக் கட்டம் போட்ட துணி. சட்டைத் துணி. ஒரு பக்கம் காய்ந்து விறைத்திருந்தது.

"துணி ஏதாவது குடு, துடைக்க" என்று கேட்க வந்தவர், "வேணாம், இதுவே போதும்" என்றார்.

அதிலேயே துடைத்தார். அவர் பெரிதாக எதுவும் யோசிக்கவில்லை. கையில் இருந்தது, துடைத்தார். உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை சுரண்டினார், ஒயர் நுனியைச் சீவிப் புதுசாக முறுக்கினார், போல்டை இறுக்கினார். துணியை ஷெட்டு மூலையில் இருந்த சாக்கடையில் எறிந்தார்.

அப்போதுதான் சின்னத்தைக்கு அந்த வாசனை வந்தது. பெட்ரோல் இல்லை, கிரீஸ் இல்லை. புளித்த ரொட்டி மாவு.

"போடு."

போட்டாள். எங்கோ, விளக்குக்குக் கரண்டு விடும் ரிலே தட்டியது. டிக். ரிலே ஒரு தடவைதான் தட்டும். இது நிற்கவில்லை. டிக்... டிக்... டிக்...

"எரியுதுடி!" என்று கத்திவிட்டு அவர் பானட்டைத் தொப்பென்று மூடினார்.

சுவர் தெரிந்தது. இரண்டு வெளிச்ச வட்டம். ஒன்று வெறும் வட்டம். இன்னொன்றில்... ஒரு நிழல். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். ஒரு தோள் தாழ்ந்திருந்தது, மாவு மூட்டை தூக்கித் தூக்கி இறங்கிப்போன தோள். ஹேண்டிலில் டிபன் பாக்ஸ் தொங்கியது.

விளக்குக்கும் சுவருக்கும் நடுவே யாரும் இல்லை.

வீட்டுக்காரர் நடுவே போய்க் கையை வீசிப் பார்த்தார். அவர் நிழல் விழுந்தது. அந்த நிழல் போகவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். பல்பை மாற்றினார். போல்டைக் கழற்றிப் பார்த்தார், ஒரு நூல்கூட மாட்டியிருக்கவில்லை. போல்டைக் கழற்றினால் நிழல் இல்லை, விளக்கும் இல்லை. போல்டை மாட்டினால் விளக்கு உண்டு, மாஸ்டரும் உண்டு.

"ஒயரப் பிடுங்கிடுங்க" என்று சின்னத்தை அழுதாள்.

"பிடுங்கிட்டு? காலைல அவ வந்து ஒத்த லைட்டப் பாக்கட்டுமா? களி திங்க ஆசையா இருக்கா உனக்கு?"

வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, அவளை மேலும் கீழும் பார்த்தார். துணிக்கடையில் அளவு பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீ அந்த லைட்டு முன்னால நில்லு. கண்ணாடி துடைக்கிற மாதிரி. உன் நிழல் அதும்மேல விழுந்துட்டா யாருக்கும் தெரியாது."

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க நில்லுங்களேன்."

"நான் சுவிட்சு போட வேணாமா?"

அவள் நின்றாள். "இன்னும் இடது பக்கம். அந்தத் தோள எறக்கு. ஆங், அப்படியே" என்று சுவரைப் பார்த்துப் பார்த்து அவர் சரிசெய்தார். சைக்கிளின் நிழல் தெரியாதிருக்க ஒரு பழைய மேசையை இழுத்துப் போட்டார். அவள் உடம்பு முழுக்க ஒரே ஜில்லிப்பு. யாரோ பின்னாலிருந்து, சட்டையை மாட்டிப் பார்ப்பதுபோல், அவளுக்குள் கையை நுழைப்பதுபோல் இருந்ததாம்.

காலையில் வந்தார்கள். சின்னத்தை கண்ணாடி துடைக்கிற துணியோடு அதே இடத்தில் நின்றாள். போலீஸ்காரர் கொட்டாவி விட்டார். வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டார்.

"ரெண்டும் எரியுதும்மா. போலாமா?"

மாஸ்டரின் மனைவி அசையவில்லை. மூக்கை உறிஞ்சினாள். "ரொட்டி வாசன வருது..." என்றாள். சுவரைப் பார்த்தாள். மேசைக்கு மேலே ஒரு நிழல், தாழ்ந்த தோளோடு. நகர்ந்து நகர்ந்து சின்னத்தையின் பக்கத்தில் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா இப்பிடி ஜில்லுனு இருக்கு கை? மன்னிச்சுக்கோங்க அக்கா. நேத்தே சொன்னீங்க, நான்தான் நம்பல. எங்க போனாலும் அவரு நிக்கிற மாதிரியே தெரியுது எனக்கு."

சின்னத்தை வாயைத் திறந்தாள். ஓட்டுகிற இடத்திலிருந்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு அவர் விளக்கை அணைத்துவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாடி! பாத்தியா?"

மறுபடி விளக்கைப் போட்டார். சுவரில் இரண்டு வட்டம். இரண்டும் சுத்தம். நிழலே இல்லை.

"போய்ட்டான்" என்றார். "பொண்டாட்டி பின்னாலயே போய்ட்டான்."

சின்னத்தை மூச்சுவிட்டாள். ஷட்டரைத் தாண்டி முற்றத்துக்கு வந்தாள். நல்ல வெயில். கை கால் எல்லாம் சூடேறட்டும் என்று நின்றாள். சூடேறவில்லை. பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தவர், சட்டென்று நின்றார்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலடியைப் பார்த்தார்.

அவளும் குனிந்து பார்த்தாள். தரையில் அவள் நிழல் நீளமாகக் கிடந்தது. ஒரு தோள் தாழ்ந்து. பக்கத்தில் சைக்கிள்.

நிமிர்ந்தாள். தோளை நேராக்கினாள். நிழலின் தோள் நேராகவில்லை.

"என்னங்க..."

அவர் மெதுவாகப் பின்னால் நகர்ந்தார், அவளைத் தொடாமல், அந்த நிழலை மிதிக்காமல். வண்டிக்குள் ஏறினார். அணைக்க மறந்த இரண்டு விளக்கும் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. வண்டியைப் பின்னால் எடுத்து, அவளைச் சுற்றி ஒடித்து, தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

சின்னத்தை தலையைத் தூக்கவே இல்லை. குனிந்தபடியேதான் நின்றாள்.

நிழல் மட்டும் தலையைத் திருப்பி, வண்டி போன பக்கம் பார்த்தது.