கரவனுக்கு வைக்காத தேசிக்காய்

"தேசிக்காய் காருக்கு மட்டும்தான் வைச்சது, அண்ணை. பின்னாலை இழுக்கிற கரவனுக்கு வைக்கேல்லை. அதுதான் வெடிச்சது!"

லண்டனில் டூட்டிங் போகும் பஸ்ஸின் மேல்தட்டில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். கம்பளித் தொப்பி போட்டவர்தான் சொன்னார். புதிதாக வாங்கிய வாகனத்தின் சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதைப் பற்றிய பேச்சு. கரவன் என்றது, விடுமுறைக்குக் காரின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சில்லு வைத்த வீட்டை.

"என்ன வெடிச்சது?" என்றார் பக்கத்தில் குடையோடு இருந்தவர்.

"கரவன்ரை டயர்! மோட்டர்வேயிலை, கடற்கரைக்குப் போகேக்கை. கரவன் அங்கையும் இங்கையும் ஆடினது, மனிசி கத்தின கத்து! நல்லகாலம், ஆருக்கும் ஒண்டுமில்லை."

"பழைய டயரோ?"

"சீ, தேயவேயில்லை! நான் வாங்க முந்திக் கனகாலம் சும்மா நிண்ட கரவன்."

"சும்மா நிண்ட கரவன் எப்பிடித் தேயும்? நிண்டபடியே ரப்பர் உக்கிப்போகும். டயரின்ரை பக்கத்திலை செய்த வருசம் கிடக்கும், பார்த்தனியே?"

தொப்பிக்காரர் போனில் வெடித்த டயரின் படத்தைப் பெரிதாக்கினார்.

"ஐயோ! என்ரை மகள் பிறக்க முந்தின டயர்! அவள் இப்ப யூனிவர்சிற்றிக்குப் போறாள்!"

"மற்றப் பக்கத்து டயர்?"

"அதுவும் அதே வயசுதான். வெடிச்சதை மட்டும்தான் மாத்தினனான்."

"கரவன் இப்ப எங்கை?"

"மச்சான் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போறான். ரெண்டு தேசிக்காயோடை."

அடுத்த நிமிடம் போன் தொப்பிக்காரர் காதில் இருந்தது. பஸ் முழுக்கக் கேட்டது.

"மச்சான், கோயில் வாசலோ? அங்கையே நில்! அந்தப் பழைய டயரைத் தேசிக்காய்க்கு மேலை கூட ஏத்தாதை!"