எட்டுக் கையெழுத்துகள்

மணி ஏழே முக்கால். கரண்ட் இல்லை. காலி மைதானத்தை ஒட்டிய மண் சாலை... ஆள் நடமாட்டமே கிடையாது. கையில் டார்ச்சும் மனுவுமாக ஒருத்தர் வருகிறார். என் நண்பனுடைய மாமனார். முப்பது வருஷம் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்தவர். யாரப்பா அங்கே சிரிக்கிறது? சிரிப்பு வந்தால் எழுந்து போய்ப் படு. இது சிரிக்கிற கதை இல்லை.

அந்த மைதானம் நகராட்சி இடம். அதில் அடுக்குமாடி கட்டி வீடில்லாதவர்களுக்குக் கொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்ததும் தெருவே கொதித்தது. ஒருத்தருக்குக் கார் நிறுத்த இடம் போய்விடும் என்று கவலை. இன்னொருத்தருக்குக் காற்று வராது. இவர் கவலை வேறு. அங்கே நடுகிற மின்கம்பம் எதுவும் மூன்று மாதம் நேராக நின்றதில்லை. குப்பை கொட்டி மூடிய பள்ளம் அது. எல்லா வாசலும் பழக்கம் என்பதால் எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் வேலை இவர் தலையில் விழுந்தது. வம்பு என்னவென்றால், அந்த வீட்டுக்கு முதல் ஆளாக விண்ணப்பம் போட்டதே இவர் மகள்தான். அவளும் என் நண்பனும் இவரோடு இரண்டு அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்பா எதிர்க்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்குச் சாலை முனையில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு படிக்கட்டு தெரிந்தது. முப்பது வருஷப் பழக்கம்... படியைக் கண்டால் கால் தானாக ஏறும். ஏறிவிட்டார். ஈர சிமெண்டு வாசனை. சுவரில் வரிசையாக எட்டு மீட்டர். அந்தப் பகுதியில் அவருக்குத் தெரியாத மீட்டரே கிடையாது. இந்த எட்டையும் அவர் பார்த்ததில்லை. அப்போதே திரும்பியிருக்கலாம் மனுஷன்.

முதல் கதவைத் தட்டினார். மற்ற வீடுகளில் நூறு கேள்வி கேட்பார்கள். இங்கே ஒரு கேள்வி இல்லை. கதவு ஒரு சாண் திறந்தது. கை மட்டும் நீண்டது. பேனா கீறும் சத்தம்... கதவு சாத்திக்கொண்டது. இரண்டாவது கதவு. மூன்றாவது. எல்லாக் கையிலும் வெள்ளைப் புழுதி. எட்டாவது வீட்டில் மட்டும் ஒரு பெண் குரல், தொண்டை வறண்டு...

"கட்ட விட்டுடாதீங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இறங்கிப் பத்தடி நடந்திருப்பார். கரண்ட் வந்தது. திரும்பிப் பார்த்தார். வெறும் மைதானம்.

வீடு வந்து சேர்ந்தது எப்படி என்றே அவருக்குத் தெரியாது. விளக்கடியில் தாளை விரித்தார். எட்டுப் பெயர், எட்டுக் கதவு எண், எட்டுக் கையெழுத்து. ஐந்தாவது அவர் மகளுடையது. அவளோ அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் காட்டினார். பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

"எனக்கு வீடு கிடைக்கக் கூடாதுன்னு என் கையெழுத்தையே போட்டுட்டீங்களாப்பா?"

என்ன சொல்லியும் அவள் நம்பவில்லை. பெற்ற மகள் அப்படிக் கேட்டதில் மனுஷன் உடைந்துபோனார். ஆனாலும் தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. கெஞ்சிய குரல் காதிலேயே இருந்தது. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தாளையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்தார். கெட்டது குடி! இல்லாத விலாசத்தில் எட்டுப் பேர், எல்லாம் போலி என்று அதிகாரி மொத்த மனுவையும் தூக்கிப் போட்டார். தெருவே அவரைக் கரித்துக் கொட்டியது. கட்டடம் எழும்பியது. எண்ணி எட்டு வீடு. மகளுக்கு ஐந்தாம் எண்.

"போகாதேன்னா நீ கேக்கப் போறதில்ல. அப்ப நானும் வரேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்விட்டார்.

ஒவ்வொரு குடும்பமாகக் குடிவந்தது. யார் வந்தாலும் பெயரைக் கேட்டு நகலில் பார்ப்பார். இருக்கும். ஏழு வீடு நிரம்பியது. எட்டாவது மட்டும் ஏதோ வழக்கில் இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. தினமும் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்த பிறகுதான் படுப்பார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆமாம், நானும்தான்.

இன்றைக்குச் சாயங்காலம் நண்பன் போன் செய்தான். எட்டாவது வீட்டுக்கு ஆள் வந்தாயிற்றாம். மாமனார் கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் தெருவுக்கு வரச் சொல்கிறாராம், மானம் போகிறதாம். போனை அவரிடமே கொடுத்தான்.

"பேத்தி தூங்கறா தம்பி. தூக்கிட்டு வெளிய வான்னா மக கேக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா... ஒரு வார்த்தை சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காலைல பேசிக்கலாம், போய்ப் படுங்க பெரியவரே" என்றேன். "சரி தம்பி" என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா... போய்ப் படுத்தும் இருப்பார்.

பத்து மணியிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன். அவன் நம்பர், அவள் நம்பர், பெரியவர் நம்பர். மூன்றிலும் மணி போகிறது. யாரும் எடுக்கவில்லை.